பேலட் பலகையில் பருவகால அலங்காரம்: முதல் நட்சத்திரம் கோணிப் போச்சு, அடுத்ததை எப்படிப் பண்றது?

மரவாசனை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்கே படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். எழுதுறது இதான் முதல் தடவை.

தூக்கிப் போட வச்சிருந்த ரெண்டு மரப் பேலட்டை (சரக்கு அடுக்கி வைக்கிற மரத் தட்டு) கேட்டு வாங்கி, பிரிச்சு, அஞ்சு சட்டத்துல ஒரு நட்சத்திரம் பண்ணினேன். அகலம் 60 செ.மீ. வாசக்கதவுல மாட்டின அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம். மூணாவது வாரம் பார்த்தா ரெண்டு முனை வாய் பிளந்து நிக்குது. ஒரு சட்டம் முறுக்கிக்கிச்சு. இன்னொண்ணுல ஆணி அடிச்ச இடத்துல கிளம்பின விரிசல் நுனி வரைக்கும் ஓடியிருச்சு. அதைக் கூடப் பொறுத்துக்கலாம். என் பொண்ணு ஆசையா தடவிப் பார்த்ததுல ஆள்காட்டி விரல்ல சிராய் ஏறிருச்சு. டார்ச் அடிச்சு ஊசியால எடுத்து முடிக்கிறதுக்குள்ள அவளும் அழுதா, நானும் அழுதுட்டேன்.

ஆனா விடுறதா இல்லை. வருஷம் முழுக்க மாத்தி மாத்தி மாட்டுற மாதிரி ஒரு வரிசை பண்ணணும்னு ஆசை. வெயிலுக்குச் சூரியன், மழைக்குக் குடையும் துளியும், இலை உதிர்ற காலத்துக்கு இலைக்கொத்து, குளிருக்கு நட்சத்திரமும் ஊசியிலை மரமும்.

கேட்க நினைக்கிறது இதுதான்: இந்த மரத்தை வீட்டுக்குள்ள வைக்கலாமா? உடையாம எப்படிப் பிரிக்கிறது? நட்சத்திரத்துக்கு அளவு எப்படிக் குறிக்கிறது? பெயின்ட் அடிக்கவா, அப்படியே விடவா?

---

கிடங்குக்காரன்

பாப்பா விரல் சரியாயிருச்சா?

சரக்குக் கிடங்குல தினமும் பேலட்டோடதான் என் பொழுது போகுது. அதனால முதல் கேள்வியை நான் எடுத்துக்கிறேன்.

பேலட்டோட பக்கக் கட்டையில சூடு போட்ட மாதிரி ஒரு முத்திரை இருக்கும். கட்டத்துக்குள்ள ஒரு பக்கம் கோதுமைக் கதிர் மாதிரி சின்னம், இன்னொரு பக்கம் எழுத்து. நாடு விட்டு நாடு போற மரப் பெட்டி, பேலட் எல்லாத்துக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 னு ஒரு சர்வதேச விதி 2002-ல வந்துச்சு. ஒரு ஊர் மரத்துல இருக்கிற புழுவும் வண்டும் இன்னொரு ஊர்க் காட்டுக்குள்ள நுழைஞ்சிடக் கூடாதுங்கிறதுக்காக. அந்த எழுத்துல முதல் ரெண்டு நாட்டுக் குறி, அடுத்தது தயாரிச்சவங்க எண், அப்புறம் எப்படிப் பக்குவம் பண்ணினாங்கங்கிற குறி. நமக்கு வேண்டியது அந்தப் பக்குவக் குறி.

ஹெச்.டி. னு இருந்தா வெப்பத்துல பக்குவம் பண்ணினது. மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ், விடாம 30 நிமிஷம். டி.ஹெச். னா மின்காந்த அலையில சூடாக்கினது, 60 டிகிரி, 1 நிமிஷம். ரெண்டுலயும் ரசாயனம் கிடையாது. எம்.பி. னு இருந்தா மெத்தில் புரோமைடு வாயுவுல புகை போட்டது. அது நச்சு வாயு. ஓசோன் படலத்தையும் கெடுக்கும்னு மான்ட்ரியல் உடன்படிக்கையில கட்டுக்குள்ள கொண்டுவந்தாங்க. ஐரோப்பிய ஒன்றியம் 2010-லயே நிறுத்திருச்சு. குழந்தை தொடுற பொருளுக்கு எம்.பி. மரம் வேண்டவே வேண்டாம். எஸ்.எஃப். னு இருந்தா அதுவும் வாயுதான், அதையும் விட்டுடுங்க.

முத்திரையே இல்லைன்னா அது எல்லை தாண்டாத உள்ளூர்ப் பேலட்டா இருக்கலாம். அதுக்காக அதைக் கெட்டதுன்னு சொல்லிட முடியாது. ஆனா அது எங்கெங்கே போச்சு, மேல என்னத்தைச் சுமந்துச்சுன்னு சொல்ல ஆளில்லை. முத்திரை இருந்தாலும் மரத்துல கொட்டினது எதையும் அது சொல்லாது. அதனால கறை இருக்கான்னு பாருங்க, மூக்கை வச்சு மோந்து பாருங்க. 2009, 2010-ல ஒரு மருந்து நிறுவனத்தோட மாத்திரைப் பாட்டில்ல பூஞ்சை வாடை அடிக்குதுன்னு ஜனங்க புகார் பண்ணி, சரக்கையே திரும்ப எடுத்தாங்க. பேலட் மரத்துல போட்டிருந்த ஒரு ரசாயனம் சிதைஞ்சு வந்த வாடை அது. மரத்துலேர்ந்து கிளம்பி, மூடி போட்ட பாட்டில் வரைக்கும் போயிருக்கு. வாடை அடிக்கிற மரத்தை நான் தொடவே மாட்டேன்.

இன்னொண்ணு. முழுக்க நீலம், சிவப்புன்னு வண்ணம் அடிச்ச பேலட் அனேகமா வாடகைக்குச் சுத்துறது. ஓரமா கிடந்தாலும் அதுக்குச் சொந்தக்கார நிறுவனம் ஒண்ணு இருக்கும். கேட்காம எடுக்காதீங்க.

---

மரவாசனை

விரல் சரியாயிருச்சு அண்ணா, நன்றி. இப்பவே போய்ப் பார்த்தேன். ஒண்ணுல கதிர்ச் சின்னம், ஹெச்.டி. தெளிவா இருக்கு. இன்னொண்ணுல முத்திரை இல்லை, ஒரு மூலையில கறுப்பா எண்ணெய் ஊறினாப்ல கறை. மோந்து பார்த்தேன், நல்லாவே இல்லை. கோணிப்போன சட்டம் ரெண்டும் அந்தப் பேலட்டோடதுதான். அதை எரிச்சிடவா?

---

கிடங்குக்காரன்

எரிக்காதீங்க. மரத்துக்குள்ள என்ன ஊறியிருக்குன்னு தெரியாதப்போ புகையில என்ன வரும்னும் தெரியாது. குப்பையோட போகட்டும்.

---

உளிமுனை

தங்கச்சி, சட்டம் முறுக்கினதுக்குக் காரணம் ஈரம். ஹெச்.டி. முத்திரையைப் பார்த்துட்டு நிறைய பேர் மரம் காஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கிறாங்க. அந்தச் சூடு பூச்சியைக் கொல்லத்தான். மரம் உள்ளே ஈரமாவே இருக்கலாம். சூளையில உலர்த்தினதுக்குக் கே.டி. னு தனிக் குறி உண்டு. ஈர மரம் காயும்போது நீளவாக்குல சுருங்குறது கண்ணுக்கே தெரியாது. குறுக்குவாக்குலதான் சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவுல சுருங்காது. வருடவளையத்தை ஒட்டின திசையில சுருங்குறது, மையத்துலேர்ந்து வெளியே போற திசையில சுருங்குறதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இந்த இழுபறியிலதான் பலகை குழியுது, முறுக்குது, உங்க நட்சத்திரம் வாயைப் பிளக்குது.

அதனால பிரிச்ச அன்னைக்கே வேலையை ஆரம்பிக்காதீங்க. பலகைகளுக்கு நடுவுல விரல் கனக் குச்சியைக் குறுக்க வச்சு அடுக்கி, மேல பாரம் ஏத்தி, காத்தோட்டமான நிழல்ல விடுங்க. வெயில்ல போட்டா வெடிக்கும். ஒரு துண்டை மட்டும் நாலு நாளைக்கு ஒரு தடவை சமையல் தராசுல நிறுத்து எடையைக் குறிச்சு வைங்க. எடை இறங்குறது நிக்கிற வரைக்கும் பொறுங்க. ஈரமானி வாங்காமலே தெரிஞ்சுக்கலாம்.

இனி பிரிக்கிற விஷயம். பேலட் ஆணி சாதாரண ஆணி இல்லை. தண்டு முறுக்கினாப்லயோ, வளையம் வளையமாகவோ இருக்கும். பேலட்டைத் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டியோட குலுக்கலுக்குக் கழண்டு வந்துடக் கூடாதுன்னே அப்படிப் பண்றாங்க. நீங்க கடப்பாரை வச்சு நெம்பினா ஆணி அசையாது, பலகைதான் பிளக்கும். உங்க விரிசல் பாதி அங்கேயே பிறந்திருக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவுல ஆப்பு ஒண்ணைத் தட்டி ஒரு நூல் இடைவெளி உண்டாக்குங்க. அதுல ஹேக்ஸா (இரும்பு அறுக்கிற கை ரம்பம்) பிளேடை விட்டு ஆணியை அறுங்க. இரும்பு அறுக்கிற பிளேடு போட்ட ரெசிப்ரோகேட்டிங் ரம்பம் (முன்னும் பின்னும் ஓடுற மின் ரம்பம்) இருந்தா வேலை சீக்கிரம் முடியும். ஆணித் தலை பலகையிலேயே நிக்கும். பின்பக்கமா பஞ்ச் (மழுங்கின முனை இரும்புக் குச்சி) வச்சு ஒரு தட்டு தட்டினா வெளியே வந்துடும். வராட்டி விட்டுடுங்க, அந்தத் துருப்பிடிச்ச புள்ளியும் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த இடத்துல இழைப்புளி போடாதீங்க, அலகு போயிடும். இழைக்கிறதுக்கு முன்னாடி காந்தத்தைப் பலகை முழுக்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

ரம்பமே இல்லாதவங்களுக்கு வேற வழி: ஆணி இருக்கிற பகுதியை அப்படியே விட்டுட்டு, கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற பலகையை மட்டும் அறுத்து எடுத்துக்கோங்க. 1200-க்கு 800 மி.மீ. யூரோ பேலட்ல மொத்தம் 78 ஆணி. அதுல ஒண்ணைக் கூடத் தொட வேண்டாம். ஒரு நீளப் பலகைக்கு 38 செ.மீ.ல ரெண்டு நல்ல துண்டு கிடைக்கும். இலை, துளி, சூரியக் கதிர் எல்லாத்துக்கும் அது தாராளம்.

திரும்பச் சேர்க்கும்போது ஆணிக்குப் பதிலா ஸ்க்ரூ போடுங்க. முதல்ல அதைவிட மெல்லிய துளை போட்டுக்கணும். ஆணிதான்னா கூர்முனையைச் சுத்தியலால தட்டி மழுங்க வச்சிட்டு அடிங்க. கூர்முனை இழைகளை ரெண்டு பக்கமும் ஒதுக்கிப் பிளக்கும். மழுங்கின முனை இழையை நசுக்கிட்டு நேரா உள்ளே போகும்.

---

சாம்பல்பலகை

கறையைப் பத்தி ஒரு வார்த்தை. நீலமா, சாம்பலா கோடு கோடா ஓடுறது நீலப்பூஞ்சைக் கறை. மரத்தோட பலத்தை அது குறைக்கிறதில்லை, நிறத்தை மட்டும்தான் மாத்தும். காய்ஞ்ச பலகையில அது மாதிரி அழகு வேற எதுலயும் கிடையாது. மழைத் துளி செய்யணும்னு சொன்னீங்களே, அந்தப் பலகையைத் துளிக்கு எடுத்து வைங்க. ஆனா மேலாப்புல கறுப்பா பொடி உதிர்றது வேற பூஞ்சை. அந்தப் பலகையை வீட்டுக்குள்ள கொண்டுபோகாதீங்க.

---

கணக்குநோட்டு

நட்சத்திர அளவுக்கு நான் பதில் சொல்கிறேன். கோணமானியை வைத்துக்கொண்டு முனைக்கு 36 டிகிரி தேட வேண்டாம். டேப் ஒன்று போதும்.

ஐந்து சட்டங்களும் ஒரே நீளம். இரு முனைகளிலும் ஸ்க்ரூ துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சட்டத்திலும் இரு முனைத் துளைகளிலிருந்தும் 22.9 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு கோடு போடுங்கள். நடுவில் 14.2 செ.மீ. மிஞ்சும். மற்ற சட்டங்கள் குறுக்கே வந்து உட்கார வேண்டிய இடம் அந்தக் கோடுகள்தான். முனைகளில் ஒவ்வொரு ஸ்க்ரூவைத் தளர்வாகப் போட்டுத் தரையில் பரப்பி, கோட்டோடு கோடு சேரும்வரை நகர்த்துங்கள். கோணம் தானாக 36 ஆகிவிடும். சரிபார்க்க, அடுத்தடுத்த இரு முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள், ஐந்து பக்கமும் 37.1 செ.மீ. வர வேண்டும். வந்த பிறகு ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

வேறு நீளத்துக்குக் கோட்டுக்கு 0.382-ஆலும், முனை இடைவெளிக்கு 0.618-ஆலும் பெருக்குங்கள். உளிமுனை அண்ணன் சொன்ன 38 செ.மீ. துண்டு என்றால் 14.5, 23.5. இரண்டையும் கூட்டினால் மறுபடி 38 வருவதைக் கவனியுங்கள். இந்த வடிவத்தில் எந்த நீளத்தையும் அதற்கு அடுத்த சிறிய நீளத்தால் வகுத்தால் பொன்விகிதம்தான் (ஏறக்குறைய 1.618) எட்டிப் பார்க்கும். மரத்தில் அதைக் கையால் தொட்டு அளந்த நாளை நான் மறக்கவே இல்லை.

முனை வாய் பிளந்ததற்கு ஈரம் மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். சட்டம் எவ்வளவு கனம்?

---

மரவாசனை

பலகை இருந்தபடியே, 22 மி.மீ.

---

கணக்குநோட்டு

அதுதான். நட்சத்திரத்தில் ஒரு சட்டம் ஒரு இடத்தில் மேலேயும் இன்னோர் இடத்தில் கீழேயும் போக வேண்டும். அதற்கு அது கொஞ்சமாவது வளைந்துகொடுக்க வேண்டும். 22 மி.மீ. கனப் பலகை 60 செ.மீ. நீளத்தில் வளையாது. ஸ்க்ரூவை இறுக்கி வளைத்தாலும் விறைத்துக்கொண்டே இருந்து, ஒருநாள் முனையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பலகையின் கனத்தைப் பிரிக்கிற மாதிரி ரம்பத்தால் கீறி 6 மி.மீ. கனச் சட்டங்களாக எடுங்கள். அப்போது ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் வளைந்தால் போதும், நட்சத்திரம் சமமாகப் படுக்கும்.

---

உளிமுனை

சரியான பேச்சு. கீற வசதி இல்லைன்னா குறுக்கிடுற இடத்துல ரெண்டு சட்டத்துலயும் பாதிக் கனம் செதுக்கி ஒண்ணுக்குள்ள ஒண்ணு உட்கார வைக்கலாம். ஆனா பத்து இடம், சாய்வுக் கோணம், ஈர மரத்துல செதுக்கினது காஞ்சதும் இளகிக்கும். முதல் வருஷத்துக்கு மெல்லிய சட்டமே நல்லது.

---

தூரிகைக்காரி

பெயின்ட் கேள்வி அப்படியே நிக்குதே! நான் பெயின்ட் கட்சி. அலங்காரம்னா தூரத்துலேர்ந்து கண்ணைக் கூப்பிடணும். பழுப்புக் கதவுல பழுப்பு நட்சத்திரம் மாட்டினா யாருக்குத் தெரியும்? நல்ல வெள்ளை, ஆழ்ந்த சிவப்பு, இலைக்கு மஞ்சள்னு அடிச்சுப் பாருங்க, வாசலே மாறிடும்.

ஆனா நேரா பெயின்ட் அடிச்சிடாதீங்க. போன வருஷம் நான் பண்ணின வெள்ளை மரத்துல ஒவ்வொரு கணுவுக்கும் மேல மஞ்சள் வட்டம் கிளம்பிருச்சு. பைன் கணுவுல இருக்கிற பிசின் பெயின்ட்டை ஊடுருவி வெளியே வந்துடும். ரெண்டு கோட், மூணு கோட் அடிச்சும் போகலை. கணு மேல மட்டும் ஷெல்லாக் ப்ரைமர் (அரக்குல பண்ற அடிப்பூச்சு) ஒரு தடவை தடவிட்டு அப்புறம் பெயின்ட் அடிச்சாதான் நிக்குது. வெயில்ல கிடந்து நரைச்ச பலகைன்னா மேல இருக்கிற செத்த இழையை உப்புத்தாள் போட்டு எடுத்துடணும். இல்லாட்டி பெயின்ட் அந்த இழையைப் பிடிச்சுக்கிட்டு அதோடயே உரிஞ்சு வரும்.

---

சாம்பல்பலகை

தோழி, உங்க வேலைகளை நான் பார்த்திருக்கேன், ரசிச்சிருக்கேன். இதுல மட்டும் ஒத்துப்போக முடியலை. நரைச்ச மேலாப்பு பல வருஷ வெயிலும் மழையும் சேர்ந்து பண்ணினது. புதுப் பலகைக்கு எவ்வளவு செலவு பண்ணினாலும் அதை வாங்க முடியாது. ஆணித் துளையைச் சுத்தின கறுப்பு, கயிறு உரசின தடம், பாதி அழிஞ்ச முத்திரை எல்லாம் அந்த மரம் போய்வந்த பயணம். அதை மூடிட்டா ப்ளைவுட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வாசல்ல தெரியணும்னா மரத்தைக் கறுப்பாக்கலாம். பூச்சு இல்லாத வெறும் இரும்பு நாரை ஒரு கைப்பிடி எடுத்து வினிகர்ல ஊறப் போடுங்க, ஒண்ணு ரெண்டு நாள். ஜாடியை இறுக்க மூடாதீங்க, உள்ளே ஹைட்ரஜன் வாயு கிளம்பும். வடிகட்டிக்கோங்க. பலகையில முதல்ல கெட்டியான தேயிலைச் சாறு தடவிக் காய விட்டு, மேல இந்த இரும்புத் தண்ணியைத் தடவுங்க. கண் முன்னாலயே பலகை சாம்பலாகி, கருத்துக்கிட்டே போகும். தேயிலையில இருக்கிற டானினும் (துவர்ப்புச் சத்து) இரும்பும் சேர்ற வேலை அது. ஆணியைச் சுத்திக் கறுப்பு வர்றதும் இதே கதைதான். ஓக் மரத்துல டானின் இயல்பாவே நிறைய உண்டு, அதுக்குத் தேயிலையே வேண்டாம். முதல்ல ஒரு சின்னத் துண்டுல பண்ணிப் பாருங்க, மரத்துக்கு மரம் நிறம் மாறும்.

---

தூரிகைக்காரி

பயணம்னு சொன்னீங்க, மனசைத் தொட்டுச்சு. ஆனா அந்தப் பயணத்தோட சிராய்தான் அந்தக் குழந்தை விரல்ல ஏறிச்சு. கை எட்டுற உயரத்துல மாட்டுறதை வழவழப்பாக்கியே ஆகணும். நீங்க சொல்ற நரைச்ச மேலாப்பு கைக்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும்.

---

சாம்பல்பலகை

சரி. அது நியாயம். நான் குழந்தைங்க இல்லாத வீட்டுக்காரன், அந்தக் கோணத்துல யோசிக்கலை. முகப்பை நரைச்சபடியே விட்டு, விளிம்பு நாலையும் நல்லா உருட்டித் தேய்ச்சா? சிராய் அதிகம் கிளம்புறது விளிம்புலயும் அறுத்த முனையிலயும்தானே.

---

சின்னப்பட்டறை

விளிம்பு மட்டும் போதாது, முகப்பையும் சோதிக்கணும். என் வீட்டுல மூணு பிள்ளைங்க, நான் பண்றதைச் சொல்றேன். 80, 120, 180-னு நம்பர் ஏற ஏற மென்மையாகுற உப்புத்தாளை ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு, இழை ஓட்டத்தோடயே தேய்ப்பேன். அப்புறம் ஈரத் துணியால ஒரு துடை. மரம் தண்ணியைக் குடிச்சதும் படுத்திருந்த இழையெல்லாம் மயிர்க்கூச்செறிஞ்ச மாதிரி எழுந்து நிக்கும். காஞ்சதும் 180-ஐ லேசா ஒரு தடவை. கடைசியா பழைய நைலான் காலுறையைக் கையில மாட்டிக்கிட்டுப் பலகை முழுக்கத் தடவுவேன். எங்கேயாவது நூல் இழுத்தா அங்கே சிராய் இருக்குன்னு அர்த்தம். கண்ணுக்குத் தப்பினது காலுறைக்குத் தப்பாது.

தேய்க்கிறப்போ முகமூடி கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லயே முதல் பிரிவுல சேர்த்திருக்கு. கைக்குட்டை கட்டிக்கிட்டா போதாது, என்95 தரம் வேணும். பிள்ளைங்களை அந்த நேரத்துல பக்கத்துல விடாதீங்க. அவங்களுக்கான வேலை பின்னாடி நிறைய இருக்கு.

மேல ஆளிவிதை எண்ணெய் பூசுறவங்க எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. அந்த எண்ணெய் காத்தோட சேர்ந்து காயும்போது சூடு கிளப்பும். சுருட்டின துணிக்குள்ள அந்தச் சூடு தங்கித் தானா தீப்பிடிக்கும். வெளியில விரிச்சுக் காயப் போடுங்க, இல்லாட்டி தண்ணியில முக்கி வைங்க.

---

மரவாசனை

படிச்சுக்கிட்டே குறிப்பெடுத்து ஒரு நோட்டுல பாதி நிறைஞ்சிருச்சு. பலகை அடுக்கியாச்சு. முதல் எடை 412 கிராம்.

பருவத்துக்குப் பருவம் கழட்டி மாட்டுறதுக்குச் சுலபமா ஏதாவது வழி இருக்கா? ஒவ்வொண்ணுக்கும் சுவத்துல ஆணி அடிக்க மனசில்லை.

---

சின்னப்பட்டறை

இருக்கு. நான் ஒரே ஒரு அடிப்பலகை மாட்டியிருக்கேன், மூணு பேலட் பலகையைச் சேர்த்து, பின்னால ரெண்டு குறுக்குச் சட்டம். அது வருஷம் முழுக்கச் சுவத்துலயே இருக்கும். அதுல நாலு துளை. ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால ரெண்டோ நாலோ உருளைக் குச்சி ஒட்டியிருக்கேன். மாத்துறதுன்னா உருவிட்டு அடுத்ததைச் செருக வேண்டியதுதான், ஒரு நிமிஷ வேலை.

இதுல ரெண்டு இடத்துல கவனம் வேணும். துளை எல்லாத்தையும் ஒரே அச்சுப் பலகையை வச்சுப் போடுங்க. அளந்து அளந்து போட்டா ரெண்டாவது வடிவத்துலயே அரை மில்லி தள்ளிப்போய்ச் செருகாது. குச்சி 8 மி.மீ. னா அடிப்பலகைத் துளை 8.5 இருக்கட்டும். நான் முதல்ல சரியா 8 போட்டேன். மழைக்காலத்துல மரம் ஊதிக்கிட்டு, சூரியனைக் கழட்டவே முடியலை. குடை போட வேண்டிய மாசத்துல சூரியன் சுவத்துலயே நின்னுச்சு. பிடிச்சு இழுத்ததுல ஒரு கதிர் கையோட வந்துருச்சு.

எடுத்து வைக்கிறப்போ படுக்க வச்சு, துணி சுத்தி வைங்க. பிளாஸ்டிக் பையில கட்டினா உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சாய்ச்சு நிறுத்தினா வளையும்.

---

உளிமுனை

வடிவம் வெட்டுறப்போ இழை ஓட்டத்தைப் பாருங்க. துளியோட கூர்நுனி இழை ஓடுற திசையிலேயே இருக்கணும். குறுக்க வந்தா நுனியில இழை அரை அங்குலம் கூட இருக்காது, விரல் பட்டாலே முறியும். இலைக்கும் காம்பு அப்படித்தான்.

சூரியனுக்குப் பன்னெண்டு கதிர் வைங்க. கடிகார முகத்துல மணி குறிக்கிற மாதிரி குறிச்சா கோணம் தானா வந்துடும். ஊசியிலை மரத்துக்கு ஒவ்வொரு பலகையா அளந்து அறுக்காதீங்க. 90 செ.மீ. நடுச்சட்டத்துல எல்லாப் பலகையும் நீளமாவே பூட்டிட்டு, உச்சியிலேர்ந்து கீழ் ரெண்டு மூலைக்கும் நூல் பிடிச்சுக் கோடு போட்டு, ரெண்டே அறுப்புல முடிங்க. ஒவ்வொண்ணா அறுத்தா ஓரம் படிப்படியா தெரியும்.

விளக்கு வைக்கிறதா இருந்தா பேட்டரியில எரியிற எல்.இ.டி. சரம் மட்டும் வைங்க. காஞ்ச மெல்லிய மரம் இது, பக்கத்துல மெழுகுவர்த்தி கூடாது.

---

மரவாசனை (ஏழு வாரம் கழித்து)

வந்துட்டேன்! எடை 412-லேர்ந்து 361-க்கு இறங்கி நின்னுச்சு. கடைசி மூணு தடவை நிறுத்தப்போ மாறவே இல்லை. 51 கிராம் தண்ணி அந்தச் சின்னத் துண்டுலேர்ந்து போயிருக்கு. போன தடவை நான் அவ்வளவு ஈரத்தையும் சேர்த்துத்தான் ஆணி அடிச்சு இறுக்கியிருக்கேன்.

நட்சத்திரம் முடிஞ்சிருச்சு. 6 மி.மீ. சட்டம், 22.9-ல கோடு. தரையில பரப்பி நகர்த்திக்கிட்டே வந்தப்போ அஞ்சாவது சட்டம் கோட்டுல போய் உட்கார்ந்ததும், அளக்காமலே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அளந்தேன். நாலு பக்கம் 37.1, ஒரு பக்கம் 37.3. இறுக்கி பத்து நாள் ஆச்சு, ஒரு முனையும் திறக்கலை.

பெயின்ட் சண்டைக்கு என் வீட்டுல கிடைச்ச தீர்ப்பு: நட்சத்திரத்துக்கு வெள்ளை, கணு மேல ஷெல்லாக் அடிச்சிட்டுத்தான். துளிகள் நீலக்கறைப் பலகையில, பூச்சே இல்லாம, நல்லா தேய்ச்சு. சாம்பல்பலகை அண்ணா, நீங்க சொன்னது உண்மை. துளிக்குள்ள மழையே கோடு கோடா இறங்குற மாதிரி இருக்கு. குடை மட்டும் இரும்புத் தண்ணியில கறுப்பு.

இலைக்கொத்துதான் நான் எதிர்பார்க்காதது. காய வச்சதுல நாலு பலகை எவ்வளவு பாரம் வச்சும் முறுக்கிக்கிச்சு. தூக்கிப் போடலாம்னு தனியா வச்சிருந்தேன். என் பொண்ணு ஒண்ணை எடுத்துப் பார்த்துட்டு "அம்மா, இது கீழே விழுந்த இலை மாதிரியே இருக்கு"ன்னா. அப்படியே தட்டையான பலகையையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். தட்டையானது அட்டையில வெட்டின இலை. முறுக்கினது காஞ்ச இலையேதான், ஒரு ஓரம் மேல எழும்பி, நுனி ஒருபக்கமா திரும்பி. நாலையும் முறுக்கு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே நுனி வர்ற மாதிரி வரைஞ்சு வெட்டினேன். அடிப்பலகையில மாட்டினா ஓரத்து நிழல் சுவத்துல விழுது.

---

உளிமுனை

இத்தனை வருஷத்துல முறுக்கின பலகையை நான் அடுப்புக்குத்தான் தள்ளியிருக்கேன். பாப்பாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க.

---

தூரிகைக்காரி

அந்த இலைக்குப் பெயின்ட் அடிச்சிடாதீங்க! நானே சொல்றேன்.

---

கிடங்குக்காரன்

முத்திரை இருந்த கட்டையை என்ன பண்ணினீங்க?

---

மரவாசனை

அதைத் தேய்க்கலை அண்ணா. கதிர்ச் சின்னம் தெரியிற மாதிரி அடிப்பலகைக்குக் கீழ ஒரு சின்னத் தாங்கலா வச்சிருக்கேன், நட்சத்திரத்தோட பேட்டரிப் பெட்டி அது மேல உட்காருது. விளிம்பை மட்டும் உருட்டி, காலுறை சோதனை முடிச்சாச்சு. சோதனை பண்ணினது என் பொண்ணுதான், கையில என் பழைய காலுறையை மாட்டிக்கிட்டு. ரெண்டு இடத்துல நூல் இழுத்துச்சு. பென்சில்ல வட்டம் போட்டுக் கொடுத்துட்டு, "இங்கே இன்னும் தேய்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.